வெள்ளம் வடிந்த வீடு யாருடையது?

2021-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் மூன்றாம் வாரத்தில் மலேசியாவின் மேற்குப் பகுதியில் விடாது பெய்த மழையை அன்பர்கள் மறந்திரார். ஷா ஆலம் நகரின் தாமான் ஸ்ரீ மூடா நீரில் அமிழ்ந்ததையும், மக்கள் மேன்மாடங்களில் ஏறி நின்று படகு வருமா வருமா என்று ஏங்கியதையும் உலகம் படத்திற் கண்டது. அம்மழைக்காலத்து வெள்ளங்களில் ஐம்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டன. வீடு, கடை, சாலை, வண்டி எல்லாம் சேர்த்து 610 கோடி வெள்ளி நட்டம் என்று நாட்டின் புள்ளிவிவரத் துறை பின்னர்க் கணக்கிட்டது. அவற்றுள் குடியிருப்பு வீடுகளின் பங்கு மட்டும் 160 கோடி வெள்ளி. நகரத்து வெள்ளம் செய்தியாயிற்று. தோட்டத்து வெள்ளம் அந்த அளவுக்குப் பேசப்பட்டதில்லை. அவ்வாண்டின் முடிவிலும் 2022-இன் தொடக்கத்திலும் நெகிரி செம்பிலான் தோட்டங்களிற் புகுந்த நீரைப்பற்றி எழுதுவோர் சிலரே. நான் எழுதப் புகுவது நீரைப்பற்றியன்று. நீர் வடிந்தபின் எழுந்த ஒரு வழக்கைப்பற்றி.

ஜெம்புல் மாவட்டத்தில், மூவார் ஆற்றில் விழும் ஓடை ஒன்றின் கரையிலுள்ள தோட்டத்தில் என் அத்தை வாழ்கிறாள். தோட்டத்தின் பெயர் ஈண்டு வேண்டுவதின்று. அந்நாட்டின் நிலக்கிடக்கையை மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மேற்கே மலாக்கா நீரிணைக்குப் போகும் மூவார் ஆறும், கிழக்கே பகாங் ஆற்றைச் சேர்ந்து தென்சீனக் கடலுக்குப் போகும் செர்த்திங் ஆறும் ஜெம்புலில் ஒன்றையொன்று தொட்டுவிடும் அணிமையில் ஓடுகின்றன. பண்டை வணிகர் அவ்விடத்தில் படகைத் தரைமேல் இழுத்து ஓர் ஆற்றிலிருந்து மற்றோர் ஆற்றில் இறக்கினர். ஜாலான் பெனாரிக்கான், அதாவது இழுப்புப் பாதை, என்று அதற்கு இன்றும் பெயர். இரண்டு கடல்களுக்கு உரிய நீர் படகிழுக்கும் தொலைவில் பிரிகின்றதென்றால், அங்கே மேடு எவ்வளவு இருக்கும் என்பதை அன்பர்களே ஓர்ந்துகொள்க.

நான் சென்ற அன்று வெள்ளம் வடிந்து ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்திருந்தன. உட்சுவரில் என் மார்பளவுக்கு ஒரு கோடு. கோட்டின் கீழே பழுப்பு, மேலே வெண்மை. தரையில் நான்கு விரற்கடை சேறு. கதவு ஊதி நிலையோடு இறுகிவிட்டது. அரிசி மூட்டை புளித்து நாறிற்று. மெத்தை நீரைக் குடித்து நால்வர் தூக்கினும் அசையாமற் கிடந்தது. கொல்லைக் கொடியில் துணிகள் இல்லை, தாள்கள் தொங்கின. பிறப்புப் பத்திரம், மணப் பத்திரம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ். பலகணி விளிம்பில் இறந்துபோன மாமாவின் சிவப்பு அடையாள அட்டை துடைத்து வைக்கப்பட்டிருந்தது. இந்நாட்டில் பால்மரம் வெட்டியே முதுகு வளைந்து, நிரந்தரமாய்த் தங்கியிருப்பவர் என்ற பெயரோடு, குடிமகன் என்ற பெயரின்றி மாண்ட நம்மவர் பலருள் அவர் ஒருவர். தாலியும் நகையும் எங்கே என்று கேட்குமுன் தாள் எங்கே என்று தேடும் குடும்பங்களை நான் தோட்டங்களிற் கண்டிருக்கிறேன். வெள்ளம் அவர்களிடமிருந்து பொருளை மட்டும் கொண்டுபோவதில்லை. தாங்கள் யார் என்பதற்கான சான்றையும் கொண்டுபோகக் கூடும்.

வழக்கு இனித்தான். அத்தை புடைவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மாமாவின் பழைய ரப்பர்ச் சப்பாத்துகளைக் காலில் மாட்டி, மண்வெட்டியால் சேற்றை வாரத் தொடங்கினாள். தோட்டத்தில் செம்பனை வண்டி ஓட்டும் அவள் மகன் தடுத்தான்.

“கழுவாதீங்கம்மா. கிராணி வந்து பார்க்கட்டும். இப்பவே கழுவிட்டா, ஒண்ணும் ஆகலைன்னு எழுதிட்டுப் போயிடுவாரு.”

“அவரு வர்றதுக்குள்ள இது காஞ்சு சிமிட்டி ஆயிடும்டா. பிள்ளைங்க எங்க படுக்கும்?”

இருவரும் என்னைப் பார்த்தனர். படித்தவன் தீர்ப்புச் சொல்வான் என்ற நம்பிக்கை நம் மக்களுக்கு இன்னும் போகவில்லை. நான் தீர்ப்புச் சொல்லவில்லை, மழுப்பும் எண்ணத்தோடு, “அத்தை, வீடு யாருடையது?” என்று கேட்டேன்.

“வீடு கம்பெனியோடது, தம்பி. சேறு நம்மளது” என்றாள். சொல்லிவிட்டு மண்வெட்டியை மீண்டும் எடுத்தாள்.

அன்பர்களே, இவ்விருவருள் யார் சொன்னது சரி? முதலில் என் மனம் மகன் பக்கமே சாய்ந்தது. அவன் சோம்பேறியல்லன், அவன் கேட்டது நியாயம். தனதல்லாத வீட்டைத் தன் முதுகொடியக் கழுவுபவன், உடையவன் செய்யவேண்டிய வேலையைக் கூலியின்றிச் செய்கிறான். அது மட்டுமன்றி, உடையவன் செய்யத் தவறியதற்கான சான்றையும் தன் கையாலேயே அழிக்கிறான். ஏழையின் துப்புரவு ஏழைக்கு எதிராகவே சாட்சி சொல்லும் கொடுமை இது. கழுவின வீட்டைப் பார்ப்பவர், “ஒன்றுமில்லையே, நன்றாகத்தானே இருக்கிறது!” என்பார். கழுவாத வீட்டைப் பார்ப்பவரோ, “எவ்வளவு அழுக்கான மனிதர்கள்!” என்பார். இரண்டு வாயும் ஒரே தலையில் உள்ளவை.

மகன் பக்கம் இவ்வளவு நியாயம் இருந்தும், சேற்றுக்குப் பொறுமை இல்லை. ஆறு கொணரும் வண்டல் ஈரமாய் இருக்கும் வரையில் விளக்குமாற்றுக்கும் வாளித் தண்ணீருக்கும் பணியும். காய்ந்துவிட்டால் உளி வேண்டும். பழக்கமுள்ள ஆற்றங்கரைக் குடிகள் நீர் வடிந்து முடியுமுன்னரே, முழங்கால் நீர் நிற்கும்போதே, அந்நீரைக் கொண்டே சுவரைத் தேய்த்துச் சேற்றையும் அதனோடு வெளியே தள்ளிவிடுவர். மின்விசையைத் தொடாதிருத்தல், குழாய் நீரைக் காய்ச்சிப் பருகுதல், தரைக்குக் குளோரின் இடுதல், புண்பட்ட காலோடு சேற்றில் இறங்காமை ஆகியவையும் அவர் அறிந்தவையே. எலியின் சிறுநீர் கலந்த நீரால் வரும் காய்ச்சல் மலேசிய வெள்ளங்களுக்குப் பின்னால் வழக்கமாய் வரும் விருந்தாளி. உரிய காலத்தில் மருந்து பெறாவிடில் சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுத்துக் கொல்லவும் வல்லது. நான்கு நாள் சான்றுக்காகச் சேற்றை வைத்திருப்பதென்றால், நான்கு நாள் குழந்தைகளை அதன் நடுவே வைத்திருப்பதென்று பொருள். நியாயம் காத்திருக்கலாம், குழந்தையின் கால் காத்திராது. இங்கே அத்தை வெல்கிறாள்.

பேரன் கைப்பேசியால் மூலை முடுக்கெல்லாம் படம் எடுத்தான். ஆகவே வழக்கு முடிந்தது என்று எண்ணினேன். முடியவில்லை. படம் சேறு இருந்தது என்று சொல்லும். சேற்றை வாரவேண்டியவர் யார் என்று சொல்லாது. அவ்வினாவுக்கு விடை காண்பதற்கு நாம் சிறிது தொலைவு சுற்றி வரவேண்டும்.

ஒல்லாந்து தேசத்தில் ஏறக்குறையக் கால்பங்கு நிலம் கடல் மட்டத்திற்குக் கீழே கிடப்பது. அங்கும் அதனை அடுத்த வடகடற் கரைகளிலும் இடைக்காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கரைக்கு உள்ளே நிலம் வைத்திருப்பவன் ஒவ்வொருவனுக்கும் அணைக்கரையில் இவ்வளவு நீளம் என்று பங்கு. அப்பங்கைச் செப்பனிடுவது அவன் கடமை. செய்ய இயலாதவன் தன் மண்வெட்டியைக் கரையிற் குத்தி நிறுத்திவிட்டு விலகவேண்டும். அம்மண்வெட்டியைப் பிடுங்குபவன் அவன் நிலத்தையும் பெறுவான். கரையின் சுமையையும் பெறுவான். இரக்கமற்ற சட்டந்தான். நோயுற்றவனும் கைம்பெண்ணும் அதனால் நிலமிழந்திருப்பர். எனினும் அதில் ஒரு நேர்மை உண்டு: நிலமும் சுமையும் ஒரே மண்வெட்டியில் கட்டப்பட்டிருந்தன. ஒன்றை ஏற்பவன் மற்றதையும் ஏற்றான்.

நம் நாட்டிற்கு வருவோம். வையை பெருகியபோது பாண்டியன் மதுரையில் வீட்டுக்கு ஓர் ஆள் கரை அடைக்கவேண்டும் என்று ஆணையிட்டான் என்று திருவிளையாடற் கதை கூறும். பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் கிழவிக்கு ஆள் இல்லை. பிட்டுக்கு மண் சுமக்கக் கடவுள் கூலியாளாய் வந்தார், உறங்கினார், பிரம்படி பட்டார், அவ்வடி எல்லார் முதுகிலும் விழுந்தது என்பது கதை. அற்புதத்தை நம்புவோர் நம்புக. நான் அதை வாதிக்க வரவில்லை. நான் பார்ப்பது அரசனுடைய பங்கீட்டை. காணி வைத்திருந்த வேளாளனுக்கும் ஒரு பங்கு. காணியே இல்லாத பிட்டுக்காரிக்கும் ஒரு பங்கு! ஆறு உடைத்தால் வேளாளனுக்கு வயல் போகும். கிழவிக்கு அடுப்பும் இட்டலிப்பானையும் போகும். இருவர்க்கும் சமமான சுமை என்பது சமமாகத் தோன்றும் அநீதி. கதை சொன்னவர்கள் இதைக் குற்றமாகக் கருதவில்லை; கிழவிக்கு உதவக் கடவுளை அனுப்பினார்கள். பங்கீட்டைத் திருத்தியிருந்தால் கடவுள் வரவேண்டியதில்லை.

கதைதானே என்று கழிக்கவேண்டா. சென்னை மாகாணத்தில் 1858-ஆம் ஆண்டின் முதற் சட்டம் கட்டாய வேலையைப்பற்றியது. ஏரிக்கரையோ ஆற்றுக்கரையோ உடையும் இடர் நேர்ந்தால், அக்கம்பக்கத்திலுள்ள உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த, உடல்வலியுள்ள ஆண்மக்கள் அனைவரும் வந்து வேலை செய்யவேண்டும் என்று அது விதித்தது. கூலி கொடுக்கவும் அச்சட்டம் கூறிற்று, அதை மறைக்கக்கூடாது. ஆயினும் ‘உழைக்கும் வகுப்பு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஏரிநீரால் விளைவது மிராசுதாரின் நெல். அக்கரையைக் காக்க ஓடிவர வேண்டியவனோ அந்நெல்லில் ஒரு மரக்கால் கூலி வாங்குபவன். ஒல்லாந்தன் மண்வெட்டியில் ஒன்றாய்க் கட்டியதை நாம் இரண்டாய் வெட்டினோம். நிலம் ஒருவனுக்கு, மண்வெட்டி வேறொருவனுக்கு. இப்பழக்கத்தோடுதான் நம் முன்னோர் கப்பல் ஏறினர். அத்தையின் விடையில் நான் கேட்டது அப்பழங்குரலே. நான்கு தலைமுறையாய் மண்வெட்டி அவர்கள் கையில் இருக்கிறது. அதைக் கரையிற் குத்திவிட்டு விலகினால் இழப்பதற்கு நிலம் இல்லை; பிடுங்கி ஏந்தினால் பெறுவதற்கும் இல்லை.

அதே ஓடையின் மறுகரையில் ஒரு மலாய்க் கம்பம் இருக்கிறது. அதே வெள்ளம் அங்கும் புகுந்தது. பழைய வீடுகள் சில தூண்மேல் நின்றமையால் நீர் அடியிற் போயிற்று. புதிய வீடுகளில் நம் வீடுகளிற் போலவே சேறு. ஆனால் வேற்றுமை தூணில் இல்லை. நெகிரி செம்பிலானில் வழங்கும் அடாட் பெர்ப்பாத்தே என்னும் தாய்வழி மரபில் முதுசொம் நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. 1909-ஆம் ஆண்டின் மரபுவழி நிலவுரிமைச் சட்டம் அவ்வுரிமையைப் பதிவேட்டில் பெண்கள் பெயரிலேயே எழுதிக் காத்தது. கரைக்கு அப்பால் ஒரு மூதாட்டி சேறு வாருகிறாள். இக்கரையில் என் அத்தை சேறு வாருகிறாள். இருவர்க்கும் இடுப்பு வலி ஒன்றே. அவள் வாருவது தன் தாயின் வீட்டில், தன் மகளுக்காக. இவள் வாருவது கம்பெனியின் வீட்டில், மகனுக்கு வேலை இருக்கும் வரைக்காக. அவ்வூர்க்காரரை நான் பொறாமையோடு பார்க்கவில்லை. அவர்களுடைய மரபு அவர்களுக்கு நல்லது செய்திருக்கிறது. அக்கரையிலிருந்து இரண்டு இளைஞர் உயரழுத்தக் குழாயோடு வந்து எங்கள் முன்றிலையும் கழுவிக் கொடுத்தனர். அத்தை கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போயினர். உரிமை இருக்கும் இடத்தில் தாராளமும் இருக்கும் போலும்.

இங்கே கம்பெனியின் பக்கமும் ஒரு வாதம் உண்டு, அதையும் கேட்போம். “வாடகை வாங்காமல் வீடு கொடுத்திருக்கிறோம். இலவசமாய்க் குடியிருப்பவர் தம் வாசலைத் தாமே கூட்டிக்கொள்வது முறையன்றோ?” என்பர். வாசலைக் கூட்டுவது முறைதான். அத்தை நாள்தோறும் கூட்டுகிறாள். ஆனால் வீடு இலவசமன்று. தோட்டத்துக் கூலி ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டபோதெல்லாம், “வீடும் நீரும் கொடுக்கிறோமே” என்ற விடையே வந்தது. அப்படியாயின் வீடு கூலியின் ஒரு பகுதி. கூலியின் ஒரு பகுதி சேற்றில் அமிழ்ந்தால், அதை எடுத்து நிறுத்துவது கொடுக்கவேண்டிய கடன், கருணையன்று. ஒரே வீட்டைக் கூலி கேட்கும்போது கூலி என்றும், பழுது பார்க்கும்போது தானம் என்றும் சொல்லுதல் ஒரு நாணயத்தை இரண்டு கடையில் செலவழிப்பதாகும்.

சட்டம் இதை அறியாததன்று. தொழிலாளர் வீடுகளின் குறைந்த அளவுத் தரத்தை வரையறுக்கும் சட்டம் 1966-இல் பிறந்து, 1990-இல் 446-ஆம் சட்டமாய்த் திருந்தி, 2019-இல் மேலும் விரிந்தது. தோட்டத் தொழிலாளர் பொருட்டுச் சங்கங்கள் பல ஆண்டு போராடின. அவற்றுள் நெகிரி செம்பிலானின் பங்கு சிறிதன்று. ஐந்து சங்கங்கள் இணைந்து 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆனபோது அதன் தலைமகனாய் நின்ற பி. பி. நாராயணன், பொதுவாழ்வைத் தொடங்கியது இந்நாட்டுத் தொழிற்சங்கத்தில்தான். எனினும் சட்டம் எவ்வளவு நல்லதாயினும் அது காப்பது வேலையாளின் வீட்டை. வேலை போனால் வீடும் போம். தமிழில் வீடு என்ற சொல் ‘விடு’ என்பதிலிருந்து பிறந்தது என்பர். ஞானிகள் அதற்கு மோட்சம் என்று பொருள் கண்டனர். தோட்டத்து முதியோர்க்கு அச்சொல்லின் பொருள் ஐம்பத்தைந்து அறுபது வயதில் கடிதவடிவில் வந்து சேர்ந்தது!

துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது இந்த இடத்தில்தான் பொருள்படுகிறது. வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டு, தொழிலாளர் வீதியில் நின்ற காலம் அது. மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு வாங்குங்கள், நாமே தோட்டத்தை வாங்குவோம் என்றார். மண்வெட்டியோடு நிலத்தை மீண்டும் கட்ட முயன்ற பெருஞ்செயல் அது. அம்முயற்சி எவ்வளவு தூரம் சென்றது, ஏன் எல்லாத் தோட்டங்களையும் எட்டவில்லை என்பது வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.

இனி, “வெள்ளம் விதி; விதிக்கு யார் என்ன செய்வது?” என்று சொல்லி இவ்வழக்கையே தள்ளிவிடுவோர் உண்டு. எங்கள் உறவினரிலும் ஒருவர் அவ்வாறு சொன்னார். கையிற் சேறு படாத இடத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து சொன்னார். மழை பெய்வது மனிதன் கையில் இல்லை என்பதும் இப்பொழுது முழு உண்மையன்று. காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறக்குறைய 7 விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்கும்; உலகத்தைச் சூடேற்றியவர் யாவர் என்பதும் தெரிந்ததே. அதை விடுக. பெய்த நீர் எங்கே நிற்கும் என்பது அடியோடு மனிதன் செயல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டத்திற்கு அழகு புல் ஒன்றின்றித் தரையை மொட்டையாக வைத்திருப்பதே என்று துரைமார் கருதினர். களை பிடுங்கிப் பிடுங்கி நம் பெண்களின் விரல் தேய்ந்தது. போர்வையிழந்த மண் மழையிற் கரைந்து ஆற்றைத் தூர்த்தது. பருப்பினக் கொடிகளைத் தரையில் படரவிடவேண்டும் என்ற அறிவு பின்னரே வந்தது. ஈயச் சுரங்கங்கள் செய்ததோ இன்னும் பெரிது. சிலாங்கூரில் கோல குபு என்னும் ஊர், சுரங்க மண்ணால் ஆறு தூர்ந்து வெள்ளம் ஓயாமையால், 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஊரோடு பெயர்ந்து மேட்டில் கோல குபு பாரு ஆயிற்று. மண்ணை ஆற்றில் இட்டவர் ஒருவர்; ஊரைவிட்டு ஓடியவர் வேறு பலர். இதற்கு விதி என்று பெயரிட்டால் விதிக்கே இழுக்கு.

வெள்ளத்திற்கு மேல் கீழ் தெரியாது என்று சொல்லுவதுண்டு. வெள்ளத்திற்குத் தெரியாதுதான், வீடு கட்டினவனுக்குத் தெரியும். துரையின் பங்களா எந்தத் தோட்டத்திலாவது ஓடைக்கரையில் இருக்கக் கண்டீரா? அது குன்றின்மேல் காற்று வாங்கும். ஆலையும் புகைக்கொட்டகையும் நீருக்காக ஓடையை அடுத்து நிற்கும். ஆலையை அடுத்து லயம் நிற்கும். நம் நாட்டிலும் ஊரின் மேட்டில் யார், பள்ளத்தில் யார் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கி எழுந்தபோது, அந்நகரத்துச் சேற்றையும் குப்பையையும் வார வெளிமாவட்டங்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர் லாரிகளில் கொண்டுவரப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் எச்சாதியினர் என்பதும் நாடறிந்தது. சேறு எல்லார் வீட்டிலும் புகும். அதை வாரும் கை மட்டும் முன்னமே குறிக்கப்பட்டிருக்கிறது.

அக்கைகளுள்ளும் பெண் கை முதலில் வரும். எங்கள் வீட்டில் ஆடவர் கனத்தை வெளியேற்றினர்: மெத்தை, பீரோ, குளிர்ப்பெட்டி. அரைநாளில் அது முடிந்தது. தட்டு, கரண்டி, குழந்தைச் சட்டை, சாமி படம், மாமாவின் படம், ஒவ்வொன்றாய் எடுத்து இது ஆகும், இது ஆகாது என்று பிரித்தது அத்தையும் மருமகளும். அது ஒன்பது நாள் ஆயிற்று. 610 கோடி என்ற தொகை கெட்ட பொருளின் கணக்கு. கழுவிய உழைப்பின் கணக்கு அன்று. அரசாங்கம் குடும்பத் தலைவருக்கு 1,000 வெள்ளி கொடுத்தது. நன்றியோடு வாங்கினார்கள், அடுப்பும் மெத்தையும் அரிசியும் வந்தன. பள்ளிவாசலும் கோயிலும் குருத்வாராவும் சோறு வழங்கிய நாட்கள் அவை; அவற்றைக் குறைத்துப் பேசுவோன் நன்றிகெட்டவன். ஆனால் பத்திரிகையில், “எதையும் தாங்கும் எளிய மக்களின் மனவலிமை” என்று வந்த புகழ்ச்சியைப் படித்தபோது எனக்குக் கசந்தது. தாங்குவோரைப் புகழ்ந்துகொண்டே இருந்தால் சுமத்துவோரைக் கேட்க நேரமிராது.

இவ்வளவு சொன்ன பின்னும் ஒன்றை மறைத்துவிட்டால் நான் நேர்மையற்றவனாவேன். அத்தை வீட்டுக்கு அடுத்த வீட்டில் எண்மர் வங்காள தேசத்து இளைஞர் இருக்கின்றனர். இன்று செம்பனைக் குலை வெட்டுவோர் பெரும்பாலும் அவர்களும் இந்தோனேசியரும்தான். அவ்வீட்டுச் சேற்றை யார் வாருவது என்ற பேச்சு வந்தபோது நம்மவர் ஒருவர், “அவனுங்க மூணு வருஷத்துல போறவனுங்க, அவனுங்களுக்கு என்ன அக்கறை?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. இதே சொல்லைத்தானே நம் பாட்டன்மாரைப் பார்த்தும் சொன்னார்கள்! மூன்று ஆண்டில் போகவேண்டியவன் என்று கருதப்பட்டமையாலன்றோ நமக்கு நிலம் எழுதப்படவில்லை? அத்தை பேசவில்லை, தன் வாளியையும் குளோரின் பொட்டலத்தையும் பேரனிடம் கொடுத்து அங்கே அனுப்பினாள். வாளி மாலையில் கழுவித் திரும்பி வந்தது.

கிராணி நான்காம் நாள் வந்தார். அதற்குள் வீடு கழுவியாயிற்று. மகனுடைய பிடிவாதத்தால் முன்கூடத்தில் ஒரு சுவரை மட்டும் அத்தை கழுவாமல் விட்டிருந்தாள். அது அவர்களுக்குள் ஏற்பட்ட சமாதானம். அவர் அச்சுவரைப் பார்த்தார், பேரனின் படங்களைப் பார்த்தார், ஏதோ எழுதிக்கொண்டார். கெட்ட மனிதரல்லர், அவர் வீட்டிலும் நீர் புகுந்திருந்தது. பின்கட்டுச் சாய்ப்புக்கு வந்தபோதுதான் தயங்கினார். அச்சாய்ப்பு மாமா தம் சேமிப்பில் பலகையும் தகரமும் வாங்கிக் கட்டிய சமையற்கட்டு. முப்பது ஆண்டு அடுப்பு எரிந்த இடம். வெள்ளம் அதை அடியோடு கொண்டுபோய்விட்டது; நான்கு குழிகள் மிச்சம். “இது பிளான்ல இல்லையே, அக்கா” என்றார். இல்லாத ஒன்று எவ்வாறு சேதமாகும்? எழுதவில்லை. ஒரு மாதம் கழித்துச் சுவருக்கு அடிக்க வெள்ளைச் சாயம் ஒரு டின் வந்தது.

சாய்ப்பை மீண்டும் கட்டவேண்டுமா என்பதில் தாய்க்கும் மகனுக்கும் மறுபடியும் வழக்கு. அவன் பாகாவ் பட்டணத்தை அடுத்த ஒரு தாமானில் சிறு வீட்டுக்கு முன்பணம் சேர்த்து வருகிறான். நாளை விட்டுப்போகும் இடத்தில் இன்று காசைப் புதைப்பானேன் என்றான். நாளை என்பது எத்தனை ஆண்டு என்று அவள் கேட்டாள். அவனால் சொல்ல முடியவில்லை. தனதல்லாததை மனிதன் பேணமாட்டான் என்று பொருள்நூலார் எழுதியிருக்கின்றனர். அவர்கள் அந்த லயத்து முற்றத்துக் கறிவேப்பிலையையும் முருங்கையையும் பார்த்ததில்லை. பிறர் நிலத்தில் மரம் வைப்பது மடமையா, அறமா என்று என்னைக் கேட்டால், இரண்டும் என்பேன். மடமை என்பதற்காக அதை விட்டிருந்தால் நான்கு தலைமுறை நிழலின்றி வாழ்ந்திருக்கும். அறம் என்பதற்காகப் புகழ்ந்துவிட்டால் நிலம் யாருடையது என்ற கேள்வி மீண்டும் புதர்மூடும்.

மூன்று திங்கள் சென்று நான் போனபோது சாய்ப்பு நின்றது. மகன்தான் கட்டினான். புதுத் தகரம், புதுப் பலகை, அதே நான்கு குழிகள். அத்தை உள்ளே வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். தூணைத் தொட்டுப் பார்த்தேன். ஆணி ஒன்றுகூட இல்லை. எல்லாம் திருகாணியும் மரையுமாய் இருந்தன. ஏன் என்று கேட்டேன். “கழட்டி லாரியில ஏத்திக்கலாம், மாமா” என்று பேரன் சொன்னான்.